கனடாவில் குடியேறியவர்களும் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடும்

கனடாவில் புதிதாகக் குடியேறுவோர் பொதுவாக அங்கேயே பிறந்தவர்களைவிட உடல்நலத்தோடு இருக்கிறார்கள். விசாவுக்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனை அதற்கு ஒரு காரணம். அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் விஷயத்தில் இந்த வடிகட்டல் நெடுங்காலம் மிகக் கடுமையாக இருந்தது. பொதுச் சேவைகளுக்கு அளவுமீறிய செலவு வைப்பார் எனக் கருதப்படுபவரை மறுக்க, 2001ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இடம் தருகிறது. சிறப்புக் கல்வியும் அந்தச் செலவில் சேர்க்கப்பட்டதால், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பிள்ளையைக் காட்டிக் குடும்பத்துக்கே கதவு சாத்தப்பட்டது. 2018 ஜூனில்தான் செலவு வரம்பு மூன்று மடங்காக உயர்ந்தது. சிறப்புக் கல்வியும் கணக்கிலிருந்து நீங்கியது. அகதிகளுக்கு இந்தத் தடை முன்பே இல்லை.

இப்படி வடிகட்டப்பட்டு வந்தவர்களின் பெயர் மருத்துவமனைப் பதிவேடுகளில் குறைவாக இருந்தால், அதை நலத்தின் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்வது தவறு. ஒன்டாரியோ போன்ற மாகாணங்களில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் அரசு மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளையே நம்புகிறார்கள். மருத்துவர் குறைபாட்டைக் கண்டறிந்து எழுதியிருந்தால்தான் ஒருவர் அந்தக் கணக்கில் வருவார். வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளப்படும் மகனோ மகளோ அதில் வராமலே போகலாம்.

அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். டவுன் சிண்ட்ரோமோடு பிறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். தைராய்டு சுரப்புக் குறைவும் அடிக்கடி வரும். வலியைச் சொல்லத் தெரியாதவருக்குப் பல்வலியோ மலச்சிக்கலோ வந்தால் அது கோபமாகவும் தன்னைத்தானே அடித்துக்கொள்வதாகவும் வெளிப்படும். மருத்துவர் அதையும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிட்டால் நோய் உள்ளே வளரும். ஆங்கிலம் தடுமாறும் பெற்றோர் இதை விளக்க வேண்டியிருக்கும்போது ஆபத்து இரட்டிக்கிறது. ஆண்டுக்கொரு முழு உடல் பரிசோதனை வேண்டும் என்று கனடிய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது இதனால்தான். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் உடனிருப்பதும் அதே அளவு அவசியம்.

இக்குறைபாடு உள்ள, 18 வயது நிரம்பியவர்களுக்கான சேவைகளைப் பெற ஒன்டாரியோவில் உளவியலாளரின் மதிப்பீட்டு அறிக்கை தேவை. குறைபாடு 18 வயதுக்கு முன்பே இருந்தது என்றும் காட்ட வேண்டும். வளர்ந்த பின் நாடு மாறியவரிடம் பள்ளிச் சான்றோ பழைய மருத்துவக் குறிப்போ இருப்பது அரிது. தனியார் உளவியலாளரின் கட்டணத்தை அரசுக் காப்பீடு தருவதில்லை. ஸ்கார்பரோ போன்ற இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளையின் பழைய சான்றுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். 18 வயதில் தொடங்கும் சேவைக்கு 16 வயதிலேயே விண்ணப்பிக்கலாம்.