நெல்லும் வாத்தும்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் என்றொரு சின்ன ஊர். நெல்லுக்கும் வாத்து வேட்டைக்கும் உலகத் தலைநகரம் தானே என்று சொல்லிக்கொள்ளும். வாத்தைப்போல் குரல் கொடுக்கும் போட்டியை 1936-இல் தொடங்கியதும் அந்த ஊர்தான்!

நெல்லும் வாத்தும் நமக்கும் புதிதல்ல, நேயர்களே. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அதன் வடகால் பெருங்குளத்தை நிரப்பி, தூத்துக்குடி மில்லர்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோரம்பள்ளம் குளம் வரை வருகிறது. தென்கால் தண்ணீர் கடம்பாகுளத்துக்கு. ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகி பிசானப் பருவ நெல் நடவு தொடங்கும்போது, வடக்கேயிருந்து நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வந்து இறங்கும். பகலெல்லாம் குளத்தில் மிதந்து ஓய்வு, இருட்டியதும் வயலில் மேய்ச்சல்.

பயிரை மிதிக்கிறது என்று விவசாயி முணுமுணுப்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் துப்பாக்கி, வலை, கண்ணி எதுவும் கூடாது; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வாத்துக்கறிதான் வேண்டுமென்றால், அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்மணியைப் பொறுக்கவிட்டு, கையில் கம்போடு மந்தை ஓட்டி வரும் வாத்துக்காரரிடம் கேட்கலாம். முட்டையும் கிடைக்கும்.