அசைவு, வேகம், வெளி: புதிய ஊடகக் கலை



இரத்தினபுரிக்குப் பஸ்ஸில் போகும்போது யன்னலோரம் இருந்து பாருங்கள். அருகிலுள்ள இறப்பர் மரங்கள் பின்னோக்கி ஓடும். தூரத்து மலை மெல்லவே நகரும். இந்த அனுபவத்தை அசையாத ஒரு தாளில் எவ்வாறு காட்டுவது? கலைஞர்கள் நெடுங்காலமாக விடை தேடிவரும் கேள்வி இது.

பொலன்னறுவையிற் கிடைத்த நடராசர் வெண்கலச் சிலையை நினைத்துப் பாருங்கள். தூக்கிய திருவடியைக் கண்டதும் ஆடலை உணர்கிறோம். இங்கு அசைவு குறிப்பால் உணர்த்தப்படுகின்றது.

1878 இல் மைபிரிட்ஜ் என்பவர் கமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் நிலத்தைத் தொடாதிருப்பது அப்போது தெளிவாயிற்று. 1909 இல் இத்தாலியில் தோன்றிய எதிர்காலவாதம் வேகத்தைப் போற்றியது. அவ்வியக்கத்தைச் சேர்ந்த ஜியாகொமோ பல்லா, 1912 இல் நடக்கும் நாய் ஒன்றைப் பல கால்களுடன் தீட்டினார்.

வீடியோ, கணினி, புரொஜெக்டர் முதலியவற்றால் ஆக்கப்படுவதே புதிய ஊடகக் கலை. இதில் அசைவு உண்மையாகவே நிகழ்கிறது. பார்வையாளரும் படைப்பின் உள்ளே நடக்கலாம்.

சிறந்த உதாரணம் நளினி மலானி. 1946 இல் கராச்சியிற் பிறந்த இவரது குடும்பம், 1947 பிரிவினையால் இந்தியாவுக்கு இடம்பெயர்ந்தது. 2012 இல் ஜேர்மனியின் காசெல் நகரில் நடந்த டொக்குமென்டா கண்காட்சியில், ஓவியம் தீட்டிய ஐந்து ஒளிபுகும் உருளைகளைச் சுழலவிட்டார். அவற்றினூடாக வீடியோ ஒளி பாய, நிழல்கள் சுவர்களில் ஓடின. நமது தோற்பாவைக் கூத்தும் இவ்வாறு ஒளியாலும் நிழலாலும் ஆனதே.

எதிர்காலவாதிகள் வேகத்தைப் புகழ்ந்தனர். மலானியோ பிரிவினையையும் பெண்கள் மீதான வன்முறையையும் நினைவூட்ட அசைவைப் பயன்படுத்தினார். 1964 ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட உறவினரைப் பற்றி உங்கள் லயத்திலும் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்தக் கதையும் கலைக்குரிய பொருளே. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்களே.

செய்து பாருங்கள்: தெளிவான பிளாஸ்டிக் போத்தலில் பறவை ஒன்றை வரைந்து, இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தின் முன் சுழற்றுங்கள். போத்தலை வெளிச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் நிழல் பெரிதாகும், விலக்கினாற் சிறிதாகும். அசைவும் வெளியும் ஒன்றோடொன்று இணைந்திருப்பது புரியும்.

மனதிற் கொள்க: விடை எழுதும்போது கலைஞரின் பெயரும் ஆண்டும் மட்டும் போதா. அசைவு எவ்வாறு காட்டப்பட்டது, எதற்காகக் காட்டப்பட்டது என இரண்டையும் எழுதுங்கள்.