பத்துப் பிரதிகள் என்றால் பத்துத்தானா?

நியூயார்க்கில் 2012ஆம் ஆண்டு மார்ச் மாதம் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டனின் 36 வண்ணப் படங்கள் மொத்தம் 59 லட்சம் டாலர்களுக்கு விற்பனையாகின. மெம்ஃபிஸ் நகரின் குடியிருப்புத் தெருவொன்றில் தனித்து நிற்கும் சிறுவர் மூன்று சக்கர சைக்கிளின் படம் மட்டும் 5 லட்சத்து 78 ஆயிரத்து 500 டாலர்களுக்கு விலைபோனது.

அடுத்த மாதமே ஜானதன் சோபெல் என்ற சேகரிப்பாளர் நீதிமன்றத்தை நாடினார். அதே சைக்கிள் படத்தின் பழைய பிரதி ஒன்று அவரிடம் இருந்தது. அதற்காக அவர் சுமார் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்திருந்தார். வரையறுக்கப்பட்ட பதிப்பு என்று கூறி விற்கப்பட்ட படத்தை மீண்டும் பெரிதாக அச்சிட்டு விற்பது, தன்னிடமுள்ள பிரதியின் மதிப்பைக் குறைக்கிறது என்பது அவரது வாதம்.

இந்த வழக்கு எழுப்பிய கேள்வி, வண்ணப் புகைப்படங்களைச் சேகரிக்கும் எவருக்கும் பொருந்தும். ஒரு படத்தின் பின்புறத்தில் "3/10" என்று எழுதப்பட்டிருந்தால், அது பத்துப் பிரதிகளில் மூன்றாவது என்று பொருள். இந்த வழக்கம் செப்புத் தகட்டு ஓவியங்களிலிருந்து வந்தது. தகடு அச்சிட அச்சிடத் தேயும். ஆகவே எண்ணுக்கு அங்கே ஒரு பௌதிகக் காரணம் இருந்தது. புகைப்பட நெகட்டிவ் அவ்வாறு தேய்வதில்லை. எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆகவே புகைப்படத்தின் அருமை என்பது கலைஞர் அளிக்கும் வாக்குறுதி மட்டுமே. வாங்குபவர் காகிதத்துக்கும் மைக்கும் மேலாக, அந்த வாக்குறுதிக்கே விலை கொடுக்கிறார்.

எகிள்ஸ்டனின் பழைய பிரதிகள் "டை டிரான்ஸ்ஃபர்" என்ற முறையில் உருவானவை. ஒரே படம் மூன்று நிறங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு சாயமும் தனித்தனியே காகிதத்தில் ஏற்றப்படும். செலவும் உழைப்பும் மிகுந்த இந்த முறை தரும் நிறச் செறிவு அபாரமானது. 1976இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவரது வண்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தனர். வண்ணம் விளம்பரத்துக்கும் குடும்ப ஆல்பத்துக்கும் உரியது என்பதே அன்றைய எண்ணம். மாறாக, 2012இல் விற்கப்பட்டவை கணினி வழியாக நிறமி மையில், 44க்கு 60 அங்குல அளவில் அச்சிடப்பட்டவை.

2013 மார்ச்சில் நீதிபதி டெபோரா பாட்ஸ் வழக்கைத் தள்ளுபடி செய்தார். பழைய முறையிலேயே கூடுதல் பிரதிகளை அச்சிட்டிருந்தால் கலைஞர் பொறுப்பாளியாகியிருக்கலாம்; புதிய முறையில் செய்யப்பட்டவை வேறொரு பதிப்பு என்பது அவரது முடிவு.

சட்டப்படி இது சரியாக இருக்கலாம். ஆனால் சுவரில் மாட்டும் ஒருவருக்கு அது அதே சைக்கிள்தான். இந்த இடத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி விதி தெளிவாக இருக்கிறது. ஒரு புகைப்படம் கலைப்படைப்பாகக் கருதப்பட வேண்டுமானால், அது கலைஞராலோ அவரது மேற்பார்வையிலோ அச்சிடப்பட்டு, கையொப்பமும் எண்ணும் இடப்பட்டு, எல்லா அளவுகளையும் சேர்த்து 30 பிரதிகளுக்குள் அடங்க வேண்டும். வரிக்காக எழுதப்பட்ட விதிதான். எனினும் சேகரிப்பாளர் மனதில் உள்ள "வரையறை" இதற்கே நெருக்கமானது.

ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டியவை உண்டு. பத்து என்பது இந்த அளவுக்கு மட்டுமா, படம் முழுவதற்குமா? எண்ணிக்கைக்கு வெளியே கலைஞர் தமக்கென வைத்துக்கொள்ளும் பிரதிகள் எத்தனை? பிரதிகள் விற்கத் தொடங்கியதும் காட்சிக்கூடங்கள் விலையை உயர்த்துவது வழக்கம். அந்த உயர்வு விற்பனையாளரின் விலைப்பட்டியலில் நிகழ்வது, மறுவிற்பனையில் கிடைப்பது வேறு. பதில்களை எழுத்தில் பெறுவது நல்லது.

நிறம் எவ்வளவு காலம் நிற்கும் என்பது இன்னொரு கவலை. "சி பிரிண்ட்" எனப்படும் சாதாரண இரசாயன வண்ண அச்சு, ஸ்டூடியோக்கள் நமக்குத் தந்த கல்யாணப் படங்களின் உறவுதான். 1970களின் ஆல்பத்தைத் திறந்தால் சேலைகளும் முகங்களும் ஒரே செம்மையில் மூழ்கியிருப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். இன்றைய தாள்கள் மேம்பட்டவை. ஆயினும் வெயில் விழும் சுவர் அவற்றுக்கு ஆகாது. ஜெர்மானியக் கலைஞர் அன்ட்ரியாஸ் குர்ஸ்கியின் "ரைன் 2", ஆறே பிரதிகள் கொண்ட படம், 2011 நவம்பரில் 43 லட்சம் டாலர்களுக்கு விற்றது. அதுவும் இரசாயன வண்ண அச்சுதான்.

டை டிரான்ஸ்ஃபர் முறைக்கான பொருட்களின் உற்பத்தியைக் கோடக் நிறுவனம் 1990களில் நிறுத்திவிட்டது. எஞ்சியிருந்த கையிருப்பைக் கொண்டு அச்சிடப்பட்ட எகிள்ஸ்டனின் கடைசித் தொகுதி 2024 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் காட்சிக்கு வந்தது. அந்தப் படங்களை அதே முறையில் இனி எவராலும் அச்சிட முடியாது. அதற்கான காகிதமும் சாயமும் இல்லை. நிறமி மையில் அச்சிட மட்டும் தடை ஏதுமில்லை.