ஈரல் அனுப்பும் வண்டிகள்

"நான் ஒரு சொட்டும் தொடுறேல்லை. எனக்கேன் ஈரலில கொழுப்பு?"

ஸ்கான் முடிவோடு வரும் நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டால், அது நியாயமான கேள்விதான். றாகமவில் 35 முதல் 64 வயதுவரையானோரிடம் களனிப் பல்கலைக்கழகத்தார் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், மதுவோடு தொடர்பில்லாத ஈரல் கொழுப்பு 32.6 சதவீதத்தினருக்கு இருந்தது. சோறும் புட்டும் சீனித் தேத்தண்ணியும் அளவுக்கு மிஞ்சினால், மிஞ்சிய மாச்சத்தை ஈரல் கொழுப்பாக்கிவிடும்.

ஆனால் ஈரல் கொழுப்புள்ளவர்களில் அதிகம் பேரின் உயிரைப் பறிப்பது இதய நோய். ஈரலில் படிந்தது இதயத்துக்கு எப்படிப் போகிறது?

கொழுப்பு இரத்தத்தில் கரையாது. ஆகவே ஈரல் அதைப் புரதத்தில் பொதிந்து நுண்ணிய துணிக்கைகளாக அனுப்புகிறது. வாழைக்குலை ஏற்றிப் போகும் லாண்ட்மாஸ்டரை நினையுங்கள். வீதி நெரிவது வண்டிகளால். எத்தனை குலை ஏறியது என்பதால் அல்ல. நாடிச் சுவருக்குள் புகுந்து சிக்குவதும் வண்டிதான். இப்படிச் சிக்கும் ஒவ்வொரு வண்டியிலும் அப்போ பி என்ற புரதம் சரியாக ஒன்றே ஒன்று இருக்கும். அதை அளந்தால் வண்டிகளை எண்ணியதாகிவிடும். உடலின் இந்த ஒழுங்கு என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

இந்த வண்டிகளில் ஒரு வகை எல்டிஎல். கொழுப்பு ஈரலுள்ள பலரில் எல்டிஎல் வண்டிகள் சிறியவை, ஆனால் ஏராளம். அதனால்தான் எல்டிஎல் ஏற்றிய கொலஸ்ரோல் அளவை மட்டும் பார்ப்பவர் ஏமாறுகிறார். வண்டிகள் ஏற்றும் இன்னொரு கொழுப்பான ட்றைகிளிசரைட் மிக உயர்ந்தவரின் இரத்தத்தைக் குழாயிலிட்டுச் சுழற்றினால், வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்கவேண்டிய சீரம் தேங்காய்ப்பாலாக வெளுத்து நிற்கும். அந்த அளவுக்குப் போகாதவரில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, எண்கள்தான் சொல்லும்.

ஒரு றிப்போட்டில் மொத்தக் கொலஸ்ரோல் 190, எச்டிஎல் 32, ட்றைகிளிசரைட் 250 என்று வையுங்கள். வழமையான கணக்கில் எல்டிஎல் 108தான் வரும். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் 190இலிருந்து, நாடியை அடைக்காத எச்டிஎல்லின் 32ஐக் கழியுங்கள்: 158. நாடியை அடைக்கக்கூடிய வண்டிகள் எல்லாவற்றிலும் உள்ள கொலஸ்ரோல் அது. பொதுவாக 130க்குக் கீழே இருப்பது நல்லது.

அழற்சியைக் காட்டும் சிஆர்பியும், இரத்தக்கட்டி கரைவதைத் தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதமும் ஈரல் கொழுப்புள்ளவர்களில் உயர்ந்து காணப்படுவதுண்டு. ஆனால் இந்தக் கழித்தலுக்குப் புதிய பரிசோதனை எதுவும் வேண்டாம். ஸ்கானில் ஈரல் கொழுப்பு என்று எழுதியிருந்தால், வீட்டிலிருக்கும் கொலஸ்ரோல் றிப்போட்டை எடுத்துக் கழித்துப் பார்த்து, அந்த எண்ணை உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள்.