நண்பர்களைக் கேட்ட ஆயர்

1910 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மறைபரப்பு மாநாடு கூடியது. வந்திருந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். மிகப் பெரும்பாலோர் ஐரோப்பியரும் அமெரிக்கரும். அச்சபையில் 35 வயதுத் தமிழ்க் குருவானவர் ஒருவர் எழுந்து, பலருக்கு உவப்பில்லாத ஒன்றைச் சொன்னார். வெளிநாட்டு மிசனறிமார் உழைக்கிறார்கள், தியாகமும் செய்கிறார்கள். ஆனால் இந்தியரோடு நட்புப் பாராட்டுவதில்லை என்பதே அவர் பேச்சின் சாரம். நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டு அமர்ந்தார். நிவாரண வரிசையில் நின்றறிந்தவர்களுக்கு அவர் சொன்ன குறையை விளக்கத் தேவையில்லை.

அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளைக் கிராமத்தில் அங்கிலிக்கன் குரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்றபின், 1895 முதல் வை.எம்.சி.ஏ. இயக்கத்தில் ஊர் ஊராக அலைந்து பணிபுரிந்தார்.

1902 இல் அவர் யாழ்ப்பாணம் வந்தார். இங்குள்ள கிறிஸ்தவ இளைஞர்கள் தம் சொந்தப் பணத்தைச் சேர்த்துக் கடலுக்கு அப்பால் தமிழகத்துக்கு ஊழியரை அனுப்பி வந்த காலம் அது. எம்மவரின் அந்த முயற்சி அவர் மனதில் ஆழப் பதிந்தது. மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிசனறிச் சங்கம் தோன்றியது. ஊழியரும் இந்தியர், பணமும் இந்தியருடையது.

அச்சங்கம் பணிசெய்த இடம் ஐதராபாத் நிசாமின் ஆட்சியிலிருந்த டோர்ணக்கல். 1909 இல் திருநிலை பெற்ற அசரியா, தாமே அங்கு சென்றார். தெலுங்கு கற்றார். மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அவரிடம் வந்தவர்களில் மிகுதியானோர் மாலா, மாதிகா மக்கள்; பிறர் வயலில் உழைத்து, தமக்கென நிலமில்லாது, ஊரின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டிருந்தவர்கள். அவ்விரு சாதியாரும் தமக்குள்ளேயே கலவாதவர்கள். அவர்களை ஒரே நற்கருணைப் பந்தியில் இருத்துவது அவருக்கு எளிதாக இருக்கவில்லை.

இந்த ஏழைகளிடமும் அவர் காணிக்கை கேட்டார். விளைச்சலில் ஒரு பங்கு, உலையில் இடும் அரிசியில் ஒரு பிடி. இல்லாதவனிடம் வாங்குவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அது சரியென்றே படுகிறது. கை நீட்டி வாங்க மட்டுமே பழக்கப்பட்டவன் தன் கோவிலிலும் விருந்தாளியாகவே இருப்பான். பிடியரிசி போட்டவனோ அதன் கணக்கைக் கேட்பான்.

1912 டிசம்பர் 29 ஆம் திகதி கல்கத்தாவில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அங்கிலிக்கன் திருச்சபையில் ஆயரான முதல் இந்தியர் அவரே. வெள்ளைக்காரக் குருமாரை இந்தியர் ஒருவர் ஆள்வதா என்று எதிர்ப்பும் எழுந்தது. சென்னை ஆயர் வைற்ஹெட் உறுதியாக நின்றபடியால் காரியம் நடந்தது. பிற்காலத்தில் வேறொரு பக்கத்திலிருந்தும் கண்டனம் வந்தது: ஒடுக்கப்பட்டோர் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தியடிகள் ஏற்கவில்லை.

டோர்ணக்கல் பேராலயம் கட்டி முடியப் பல்லாண்டுகள் சென்றன. மசூதியின் சாயலும் இந்துக் கோவிலின் சாயலும் கலந்த அக்கட்டடம் 1939 இல் அர்ச்சிக்கப்பட்டது. 1945 ஜனவரி முதலாம் திகதி ஆயர் டோர்ணக்கலில் இறந்தார். பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்க அவர் கால் நூற்றாண்டாக உழைத்த தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டெம்பரில் உருவாயிற்று. யாழ்ப்பாணமும் அதில் ஒரு மறைமாவட்டமாகச் சேர்ந்தது; அதன் முதல் ஆயர் குலேந்திரன்.