ஆரஞ்சு கேப் சாய் சுதர்சனுக்கு, எம்விபி சூர்யகுமாருக்கு... சீசன் விருதுக்கு யார் தகுதியானவர்?

2025 ஐபிஎல் சீசனில் அதிக ரன் குவித்தவர் நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன். குஜராத் டைட்டன்ஸுக்காக 759 ரன். ஆரஞ்சு கேப் அவருக்குத்தான். ஆனால், 'மிக மதிப்புமிக்க வீரர்' எனப்படும் எம்விபி விருது, அவரைவிட 42 ரன் குறைவாக எடுத்த மும்பை இந்தியன்ஸ் வீரர் சூர்யகுமார் யாதவுக்குப் போனது. இருவருமே பேட்ஸ்மேன்கள். அப்போ, கணக்கு எங்கே மாறியது?

ஓடி எடுத்த ரன்னுக்கு மதிப்பில்லையா?

எம்விபி விருதை நடுவர் குழு முடிவு செய்வதில்லை. புள்ளிக் கணக்குதான். ஒரு ஃபோருக்கு 2.5, சிக்ஸருக்கு 3.5, விக்கெட்டுக்கு 3.5, டாட் பாலுக்கு 1, கேட்ச்சுக்கு 2.5 புள்ளிகள். சிங்கிள், டபுள் ஓடினால் ஒன்றும் கிடையாது.

சாய் சுதர்சன் அடித்தது 88 ஃபோர், 21 சிக்ஸர். பவுண்டரிகளுக்கு மட்டும் 293.5 புள்ளிகள். சூர்யகுமார் 69 ஃபோர், 38 சிக்ஸர். அதாவது 305.5 புள்ளிகள். சாய் ஓடி எடுத்த 281 ரன் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

அதற்காக சூர்யகுமாருக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த சீசனில் ஆடிய 16 மேட்ச்சிலும் 25 ரன்னுக்கு மேல் எடுத்தவர், அதுவும் சாயைவிட வேகமாக. விருது சரியான ஆளுக்குத்தான் போயிருக்கலாம். ஆனால் காரணம் வேறு, கணக்கு வேறு.

விக்கெட் முக்கியமா, ரன்னைக் கட்டுப்படுத்துவது முக்கியமா?

பவுலர்களுக்கும் இதே கதைதான். 2024இல் பர்ப்பிள் கேப் வாங்கியவர் பஞ்சாப் கிங்ஸின் ஹர்ஷல் படேல். 24 விக்கெட். ஓவருக்குச் சராசரியாக 9.73 ரன் கொடுத்தார். மும்பையின் பும்ரா எடுத்தது 20 விக்கெட், கொடுத்தது ஓவருக்கு 6.48 ரன். நான்கு ஓவர் போட்டால் வித்தியாசம் 13 ரன். டி20யில் 13 ரன் என்பது பல மேட்ச்சின் முடிவையே மாற்றிவிடும்.

பர்ப்பிள் கேப் விதி 'யார் அதிக விக்கெட்?' என்று மட்டுமே கேட்கிறது. அந்தக் கேள்விக்கு ஹர்ஷல்தான் சரியான பதில். 'யார் சிறந்த பவுலர்?' என்பது வேறு கேள்வி. ரசிகர்கள் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதால்தான்.

எதிரே ஆடியது யார்?

2018-19 ரஞ்சி சீசனில் பீகாரின் அஷுதோஷ் அமன் 68 விக்கெட் எடுத்தார். 1974-75இல் பிஷன் சிங் பேடி எடுத்த 64 விக்கெட் சாதனை உடைந்தது. அதிக ரன் எடுத்தவர் சிக்கிமுக்கு ஆடிய மிலிந்த் குமார், 1,331 ரன். இருவரும் ஆடியது 'பிளேட்' பிரிவில். அந்த ஆண்டு சேர்க்கப்பட்ட 9 அணிகள் தங்களுக்குள் மோதிக்கொண்ட பிரிவு அது. மும்பை, கர்நாடகா, தமிழ்நாடு போன்ற பெரிய அணிகள் வேறு பிரிவில்.

அந்த 9 அணிகளில் புதுச்சேரியும் ஒன்று. இது காரைக்கால்காரர்களுக்கு வெறும் புள்ளிவிவரம் இல்லை. கருக்களாச்சேரி மாதிரி கடலோர ஊரில் டென்னிஸ் பந்தில் ஆடத் தொடங்கும் பையனுக்கு, சொந்த யூனியன் பிரதேசத்துக்காக ரஞ்சி ஆடும் கதவு திறந்தது அந்த சீசனில்தான். ஆனால் பிளேட்டில் எடுக்கும் விக்கெட்டை அப்படியே எண்ணினால் மற்ற பிரிவில் திணறும் பவுலருக்கு அநியாயம். "அட, பிளேட்தானே!" என்று ஒதுக்கினால் சின்ன ஊர்ப் பையனுக்கு அநியாயம். யாரோடு மோதுவது என்பதை வீரர் முடிவு செய்வதில்லையே!

பேஸ்பால் என்ன செய்தது?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலிலும் இந்தச் சிக்கல் பல வருடம் ஓடியது. அங்கே எம்விபி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது இரண்டையும் முடிவு செய்வது பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் ஓட்டு. பிளேஆஃப் தொடங்கும் முன்பே ஓட்டு போட்டுவிட வேண்டும். ஃபைனல் ஹீரோ என்ற பரபரப்பு சீசன் முழுக்க உழைத்தவரை மறைத்துவிடக் கூடாது என்பதில் இது உதவுகிறது.

முன்பெல்லாம் அதிக வெற்றி பெற்ற பிட்சருக்கே சை யங் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. 2010இல் அது உடைந்தது. சியாட்டில் மரினர்ஸின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் கணக்கில் 13 வெற்றி, 12 தோல்விதான். அவருடைய அணி அந்த சீசனில் 101 மேட்ச் தோற்றது. பேட்டிங் சொதப்பியதற்கு பிட்சர் என்ன செய்வார்? அவர் எதிரணிக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 2.27, அமெரிக்கன் லீக்கிலேயே குறைவு. நியூயார்க் யாங்கீஸின் சிசி சபாதியா 21 வெற்றி வைத்திருந்தும், விருது ஹெர்னாண்டஸுக்கே கிடைத்தது.

ஓட்டிலும் ஓட்டை உண்டு. பெரிய நகர அணி, பிரபலம், பழைய நினைப்பு எல்லாம் உள்ளே வரும். ஆனால் மனிதர்கள் 'ஏன்?' என்று கேட்க முடியும். புள்ளிப் பட்டியல் கேட்காது.

அப்போ எப்படிப் பார்ப்பது?

அடுத்த முறை விருது அறிவிப்பு வந்ததும் மூன்று கேள்வி கேளுங்க. எதை எண்ணினார்கள்? எந்தச் சூழலில், யாருக்கு எதிராக எடுத்தது? முடிவு செய்தது யார், எப்போது?

ஸ்டார் வீரருக்கு ஒரு விருது போனால் இன்னொன்று வரும். ரஞ்சியில் இரண்டாவது சீசன் ஆடும் புதுச்சேரி பவுலருக்கு அப்படி இல்லை. அவர் மேட்ச்சை நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஐபிஎல் ஏலத்தில் அவருக்காகப் பேசப்போவது அந்த ஒரு வரி எண்தான். அதைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.