‘சரியான யோசனை’

“இரவில எனக்குச் சரியான யோசனை, டொக்டர்.”

கிள்ளானில் நான் வேலை செய்யும் கிளினிக்கில் அவர் இதைச் சொன்னபோது, தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டேன்: ‘இரவில் தெளிவாகச் சிந்திக்கிறார். எதிர்காலம் பற்றித் திட்டமிடுகிறார்.’

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதை நெருங்கியவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாம் என்று அவரே அனுமதியும் தந்தார். அவருடைய அகதிக் கோரிக்கையோடு இணைக்க ஓர் உளவியல் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்று ஒரு தொண்டு அமைப்பு கேட்டிருந்தது. நான் மருத்துவ உளவியலாளர். வீட்டில் தமிழ், படித்ததும் தமிழ்ப்பள்ளி. மியன்மார்க்காரர் வந்தால் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவோம். தமிழருக்குத் தமிழர் பேச அது எதற்கு என்று இருந்துவிட்டேன்.

என் குறிப்புகளைப் படித்தவர், எனக்கு மேற்பார்வையாளராக இருக்கும் அக்கா. பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த சிலோன் தமிழ்க் குடும்பம். ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலைச் சுற்றியே சிறுவயது கழிந்தது என்பார். அந்த வரியில் விரலை வைத்தார்.

“தம்பி, இதை அவர் எந்தச் சொல்லில சொன்னவர்?”

சொன்னேன்.

“சரியான எண்டா நிறைய. யோசனை எண்டா கவலை. மனுசன் இரவெல்லாம் கவலையில கிடக்கிறார். நீங்கள் திட்டம் போடுறார் எண்டு எழுதி வச்சிருக்கிறீங்கள்.”

எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அந்தக் குறிப்பு அப்படியே அறிக்கைக்குள் போயிருந்தால், தூக்கமில்லாமல் தவிக்கும் ஒருவரை ‘நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று என் கையெழுத்தே சொல்லியிருக்கும்.

ஒரு காகிதத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. நம் குடிநுழைவுச் சட்டம் அகதியையும் ஆவணமில்லாமல் வந்தவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அகதி யார் என்று பல ஆண்டுகளாக முடிவு செய்துவருவது கோலாலம்பூரில் இருக்கும் ஐநா அகதிகள் ஆணையம்தான். அங்கே பதிவானவர்கள் 180,000-க்கும் அதிகம். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள், இலங்கைத் தமிழர்களும் உண்டு. மூன்றாம் நாட்டில் குடியமர்த்த ஆணையம் பரிந்துரைக்கும் பிரிவுகளில் ‘வன்முறை, சித்திரவதையிலிருந்து தப்பியவர்கள்’ என்பதும் ஒன்று. நேர்காணல் அதிகாரிக்குக் கிடைப்பது சில மணி நேரம். அந்த நேரத்தில் ஒருவர் வாயடைத்துப் போனாலோ, தேதி தடுமாறினாலோ, அது ஏன் என்று விளக்கக்கூடியது இந்த அறிக்கை.

இந்தத் தவறுக்குப் பிறகுதான் அக்கா என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடி அறை, இரண்டு நாள், பதினைந்து பேர் இருந்திருப்போம். கீழே பூக்கடை. மல்லிகை வாசத்தில் உட்கார்ந்து சித்திரவதை பற்றிப் படித்தோம்.

முதல் பாடமே நாற்காலி. வந்தவரின் முதுகு கதவுப் பக்கம் இருக்கக் கூடாது. அவருக்குக் கதவு தெரிய வேண்டும், நாம் அதை மறைத்துக்கொண்டு உட்காரவும் கூடாது. தடுத்துவைத்து விசாரிக்கப்பட்டவருக்கு நம் அறையும் ஒரு விசாரணை அறைதான். எதற்காகக் கேட்கிறோம், யார் படிப்பார்கள், வேண்டாமென்றால் நிறுத்தலாம் என்பதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘அடித்தார்களா?’ என்று கேட்கக் கூடாது. ‘அதன் பிறகு என்ன நடந்தது?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

மாலையில் மாதிரி அறிக்கை எழுதினோம். நான் உருகி உருகி எழுதியிருந்தேன். ‘இவர் சொல்வது முழு உண்மை என்று நம்புகிறேன்’ என்ற வரியைப் பயிற்சியாளர் சிவப்பு மையில் அடித்தார். “நம்புவது அதிகாரியின் வேலை. நீங்கள் கண்டது என்ன?” கோபமாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், வக்கீல் போல எழுதும் உளவியலாளரை எந்த அதிகாரி நம்புவார்?

இந்தத் துறைக்கு அடிப்படை, 1999இல் உருவாகி 2022இல் திருத்தப்பட்ட ஐநாவின் ‘இஸ்தான்புல் நெறிமுறை’. கண்ட அடையாளமும் சொன்ன சம்பவமும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதற்கு அது ஐந்து படிகள் வைத்திருக்கிறது. பொருந்தவில்லை, பொருந்துகிறது, ஆனால் வேறு காரணமும் இருக்கலாம், மிகவும் பொருந்துகிறது, இத்தகைய கொடுமையில் வழக்கமாகக் காணப்படுவது, வேறெதனாலும் வந்திருக்க முடியாது. மனத்தைப் பொறுத்தவரை ஐந்தாவது படிக்கு ஏற ஏறக்குறைய வழியே இல்லை. தூக்கமின்மைக்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

வெறும் சொல் விளையாட்டு என்று நினைத்தவர்களுக்குப் பயிற்சியில் ஒரு வழக்கைச் சொன்னார்கள். இலங்கைத் தமிழர் ஒருவர் 2011இல் பிரிட்டனில் புகலிடம் கேட்டார். நீதிமன்றப் பதிவில் அவர் பெயர் கே.வி. மட்டுமே. முதுகிலும் கையிலும் சூட்டுத் தழும்புகள். காய்ச்சிய கம்பியால் சுட்டார்கள் என்றார். புகலிடம் பெறுவதற்காக அவரே யாரையாவது வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாம் என்று தீர்ப்பாயம் சந்தேகித்துத் தள்ளுபடி செய்தது. 2019 மார்ச் 6ஆம் தேதி பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. காயம் எப்படி ஏற்பட்டது என்பதோடு மருத்துவர் நிற்க வேண்டியதில்லை, அவர் சொல்லும் சூழ்நிலையோடு அது பொருந்துகிறதா என்றும் கருத்துச் சொல்லலாம் என்றது. அங்கே போய்ச்சேர அவருக்கு எட்டு ஆண்டுகள் ஆயின.

எனக்கு அதிகம் உதவியது இன்னொரு பாடம். என் யாழ்ப்பாணத்து அண்ணன் முதல் சந்திப்பில் பதினோரு நாள் அடைத்துவைத்தார்கள் என்றார்; அடுத்த சந்திப்பில் இரண்டு வாரத்துக்கு மேல் என்றார். பொய்யோ என்று என் மனமும் ஒரு கணம் ஓடியது. பிரிட்டனில் வாழ்ந்த கொசோவோ, போஸ்னியா அகதிகள் 39 பேரை இருமுறை பேட்டி கண்ட ஆய்வு ஒன்று 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒரே சம்பவத்தை ஒரே ஆள் சொன்னபோதும் விவரங்கள் மாறின. சம்பவத்தின் மையத்தைவிட ஓரத்து விவரங்களே அதிகம் மாறின. மனவடு ஆழமாக இருந்தவர்களுக்கு, இரு பேட்டிகளுக்கும் இடைவெளி கூடக்கூட மாற்றமும் கூடியது. நாள் கணக்குத் தவறுவதை மட்டும் வைத்து ஒருவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது.

பயிற்சி முடிந்ததும் அவரை மறுபடி வரச் சொன்னேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். “அண்ணே, யோசனைன்னு சொன்னீங்களே, அது எப்படி வரும்?” என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன்.

நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். வீட்டு வாசலில் வாகனம் நிற்கிற சத்தம் கேட்டால் எழுந்துவிடுவாராம். கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாராம். ஊரில் தம்பியை ஏற்றிக்கொண்டு போனது ஒரு வேன். இங்கே பயம் போலீஸ் சோதனை பற்றியது. எந்த இரவில் எந்தப் பயம் என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. இரண்டையும் எழுதினேன். பதினோரு நாளையும் இரண்டு வாரத்தையும் மறைக்காமல் எழுதி, ஏன் அப்படி மாறலாம் என்றும் எழுதினேன். ‘மிகவும் பொருந்துகிறது’ என்று முடித்தேன். அதற்குமேல் ஒரு படி ஏறவில்லை.

ஆறு பக்கம். அனுப்பும் முன் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். சூடு வைத்த பகுதியை அசையாமல் கேட்டார். நாள் கணக்கைக் கேட்டபோது லேசாகத் தலையாட்டினார். கடைசியில் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: காணாமல் போன தம்பியின் பெயரை நான் தவறாக எழுதியிருந்தேன். ஒவ்வோர் எழுத்தாக அவர் சொல்லச் சொல்லத் திருத்தினேன்.

அறிக்கை போய் நான்கு மாதமாகிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். “ஏதும் தெரிஞ்சுதோ, டொக்டர்?”

இன்னும் இல்லை அண்ணே என்கிறேன்.